இரவல் ஆயுதமும் இழந்த குரலும்

(மயிலாப்பூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு நாட்டு மக்கள் தங்களுக்குள் போரிடும்போது பக்கத்து நாடுகள் ஆளுக்கொரு தரப்பைப் பிடித்துக்கொண்டு ஆயுதமும் பணமும் கொடுக்கின்றனவே, அது ஏன், அதன் முடிவு என்ன என்று பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். ஏமன், சிரியா, சூடான் என்று தினமும் செய்திகளில் பார்க்கிறோம். ஆனால் நான் ஏமனிலிருந்து தொடங்கப் போவதில்லை. இந்த அரங்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் பாண்டி பஜாரிலிருந்து தொடங்குகிறேன்.

1982 மே 19. தியாகராய நகர் பாண்டி பஜாரில், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாம் துணி எடுக்கப் போகும் அதே தெருவில், இரண்டு ஈழ இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் துப்பாக்கியை எடுத்தார்கள். ஒருவர் பிரபாகரன், இன்னொருவர் உமா மகேஸ்வரன். ஒரே இயக்கத்தில் இருந்து பிரிந்தவர்கள். இருவரும் கைதானார்கள். அவர்களைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி கொழும்பு கேட்டது. தமிழ்நாட்டுக் கட்சிகள் கொடுக்கக் கூடாது என்று குரல் கொடுத்தன. இருவரும் நிபந்தனை ஜாமீனில் வெளியே வந்தார்கள்.

அன்று அது நம் போலீஸ் பார்த்துக்கொண்ட ஒரு துப்பாக்கிச் சூட்டு வழக்கு, அவ்வளவுதான்.  ஈழ இயக்கங்களில் இருந்தவர்கள் மொத்தமாகச் சேர்த்தாலும் சில நூறு பேர்தான் இருப்பார்கள். அடுத்த ஐந்து ஆண்டுகளில் அந்த இயக்கங்கள் படைகளாக வளர்ந்தன. அவற்றுக்கு இந்திய அரசு பயிற்சி கொடுத்தது. அலுவலகங்கள் அடையாறு இந்திரா நகரிலும் கோடம்பாக்கத்திலும் சூளைமேட்டிலும் இருந்தன. 1980-களில் ஆப்கானிஸ்தான் போருக்குப் பெஷாவர் எப்படி இருந்ததோ, இலங்கைப் போருக்குச் சென்னை அப்படி இருந்தது. அடுத்தவர் கையில் ஆயுதம் கொடுத்து நடத்தும் நிழல் யுத்தங்களைப் பற்றிப் பேசும்போது இந்த நகரத்தில் வாழும் நாம் வெறும் பார்வையாளர்களாகப் பேச முடியாது. அதனால்தான் இங்கிருந்து தொடங்கினேன்.

1983 ஜூலையை இந்த அவைக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஜூலை 23 அன்று யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பிரபாகரனின் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் 13 சிப்பாய்கள் இறந்தார்கள். அடுத்த நாள் முதல் கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் தமிழர்கள் வேட்டையாடப்பட்டார்கள். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தார்கள். வெலிக்கடைச் சிறைக்குள் இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். ராமேஸ்வரம் கரைக்கு அகதிகள் வரத் தொடங்கினார்கள். தமிழ்நாடு கொதித்தது. கட்சி பேதமில்லாமல் கடைகள் அடைக்கப்பட்டன. இங்கே அமர்ந்திருக்கும் மூத்தவர்களில் பலர் அந்த ஊர்வலங்களில் நடந்திருப்பீர்கள். உண்டியலில் காசு போட்டிருப்பீர்கள். அந்த இரக்கம் உண்மையானது. அதில் குறை காண நான் வரவில்லை. அந்த இரக்கத்தை அரசுகள் எதற்குப் பயன்படுத்தின என்பதுதான் என் கேள்வி.

அன்று டெல்லி இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்தது. ஒரு பக்கம் பிரதமர் இந்திரா காந்தி தன் தூதராக ஜி.பார்த்தசாரதியைக் கொழும்புக்கு அனுப்பினார். என்.கோபாலசாமி அய்யங்காரின் மகன் அவர். பொறுமையான ராஜதந்திரி. மாகாண அளவில் அதிகாரப் பகிர்வுக்கு ஒரு வரைவை உருவாக்கி, ‘இணைப்பு சி’ என்ற பெயரில் 1984 ஜனவரியில் தொடங்கிய சர்வகட்சி மாநாட்டின் முன் வைக்க வழி செய்தார். இன்னொரு பக்கம், ‘ரா’ உளவு அமைப்பு டேராடூன் பக்கத்திலும் பிறகு தமிழ்நாட்டிலும் ஈழ இளைஞர்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. சேலம் மாவட்டத்துக் கொளத்தூர், திண்டுக்கல் சிறுமலை, தஞ்சாவூர் ஒரத்தநாடு என்று முகாம்கள் முளைத்தன. இந்தியாவில் அப்படி எந்த முகாமும் இல்லை என்று டெல்லி வெளியே மறுத்துக்கொண்டே இருந்தது. ராஜீவ் காந்தி கொலையை ஆராய்ந்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை 1997-ல் வெளிவந்தபோது அந்த மறுப்புக்கு இடமில்லாமல் போனது.

ஒரு பேரரசோ வட்டார வல்லரசோ தன் படையை அனுப்பாமல் அடுத்தவர் கையில் ஆயுதம் கொடுப்பது ஏன்? செலவு குறைவு. தன் சிப்பாய் சாக மாட்டான். கேட்டால் மறுத்துவிடலாம். வேண்டாத நேரத்தில் குழாயை மூடிவிடலாம் என்ற நம்பிக்கையும் இருக்கும். 1971-ல் முக்தி வாகினிக்குப் பயிற்சி கொடுத்து வங்கதேசம் பிறந்ததைப் பார்த்த டெல்லிக்கு அந்த நம்பிக்கை நிறையவே இருந்தது.

டெல்லிக்குத் தமிழர் துயரத்தைத் தாண்டி ஒரு கணக்கும் இருந்தது. 1971 போரின்போது பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. 1977-ல் ஆட்சிக்கு வந்த ஜெயவர்த்தனே மேற்கு நாடுகளின் பக்கம் சாய்ந்தார். திருகோணமலைத் துறைமுகமும் அங்கே பிரிட்டிஷார் விட்டுச்சென்ற எண்ணெய்க் குதங்களும் யார் கைக்குப் போகும் என்ற கவலை டெல்லிக்கு இருந்தது. ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’வின் ஒலிபரப்பு நிலையம் இன்னொரு கவலை. ஆகவே ஈழ இளைஞர்களின் கையில் இருந்த துப்பாக்கிக்கு இரண்டு வேலைகள் இருந்தன. அந்த இளைஞர்களுக்கு அது தமிழீழத்துக்கான கருவி. கொடுத்தவருக்கோ ஜெயவர்த்தனேயை வழிக்குக் கொண்டுவருவதற்கான கருவி. தனி ஈழத்தை டெல்லி ஒரு நாளும் ஏற்கவில்லை. இந்த இரண்டு நோக்கங்களும் ஒரு நாள் பிரியத்தான் போகின்றன என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. 1984-ல் கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலுக்கு ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. இஸ்ரேலியப் பயிற்சியாளர்கள் வந்தார்கள். ‘கீனி மீனி சர்வீசஸ்’ என்ற பிரிட்டிஷ் கூலிப்படை நிறுவனம் போலீஸின் சிறப்பு அதிரடிப் படைக்குப் பயிற்சி கொடுத்தது. கிழக்கு மாகாணத் தமிழ் மக்கள் அந்தப் படையை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பாகிஸ்தான் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது. 1985 டிசம்பரில் ஜியா உல் ஹக் நேரிலேயே இலங்கைக்கு வந்தார். இந்தியாவும் பாகிஸ்தானும் காஷ்மீரிலும் பஞ்சாபிலும் நடத்திய பகை, யாழ்ப்பாணத்துப் பனந்தோப்புக்குள்ளும் மட்டக்களப்பு வாவிக் கரையிலும் புகுந்தது. அங்கே செத்தவர்களுக்கும் அந்தப் பகைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

டெல்லி ஒரே இயக்கத்துக்குக் கொடுக்கவில்லை. டெலோ, ஈரோஸ், ஈ.பி.ஆர்.எல்.எஃப்., விடுதலைப் புலிகள் என்று பிரித்துக் கொடுத்தது. யாரும் தனித்து வலுப்பெறக் கூடாது என்பது உளவு அமைப்புகளுக்குப் பழக்கமான கணக்கு. பெஷாவரில் பாகிஸ்தான் ஏழு கட்சிகளை அங்கீகரித்து, அவற்றின் வழியாகத்தான் ஆப்கானிய முஜாஹிதீன்களுக்கு அமெரிக்க, சவூதி உதவியைப் பிரித்துக் கொடுத்தது. அவற்றில் ஹெக்மத்யாரின் கட்சிக்குப் பெரும்பங்கு. பங்கு பிரித்துக் கொடுக்கப்படும் இடத்தில் ஒவ்வோர் இயக்கத்துக்கும் முதல் எதிரி, பக்கத்தில் வரிசையில் நிற்கும் இன்னோர் இயக்கம்தான். சந்தேகமும் போட்டியும் ஏற்கெனவே இருந்தன. பாண்டி பஜார் அதற்குச் சாட்சி. டெல்லி அந்தப் போட்டிக்கு ஏ.கே.47 கொடுத்தது.

இதில் நம் மாநிலத்தின் பங்கையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். புலிகளை ஆதரித்தார். 1984-ல் அவர் தங்களுக்கு 2 கோடி ரூபாய் கொடுத்ததை புலிகளின் ஆலோசகர் ஆன்டன் பாலசிங்கமே எழுதியிருக்கிறார். தி.மு.க. தலைவர் கருணாநிதி டெலோவுக்கு நெருக்கமாக இருந்தார். ஈழத்தில் சண்டையிட்ட ஒவ்வோர் இயக்கத்துக்கும் இங்கே ஒரு கட்சி, ஒரு கொடி, ஒரு மேடை இருந்தது. தமிழ்நாட்டின் இரண்டு பெரிய கட்சிகளும் தங்களுக்கிடையிலான பகையை ஈழ இளைஞர்களின் தோளில் ஏற்றின. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. இரண்டு தலைவர்களிடமும் உண்மையான தமிழுணர்வு இருந்தது. ஆனாலும் விளைவு அதுதான்.

விளைவைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

1985 ஜூலை, ஆகஸ்டில் பூட்டானின் திம்புவில் பேச்சுவார்த்தை. தமிழர் விடுதலைக் கூட்டணியும் ஐந்து ஆயுத இயக்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. சென்னையில் இருந்த தலைவர்களோடு பேச அங்கே நேரடித் தொலைபேசி இணைப்பு இருந்தது. ஜூலை 13 அன்று ஆறு அமைப்புகளும் சேர்ந்து நான்கு கோட்பாடுகளை முன்வைத்தன: இலங்கைத் தமிழர் ஒரு தேசிய இனம், அவர்களுக்குத் தாயகம் உண்டு, சுயநிர்ணய உரிமை உண்டு, இலங்கையில் வாழும் தமிழர் அனைவருக்கும் குடியுரிமை வேண்டும். ஈழத்தமிழர் ஒரே குரலில் பேசிய நாள் அது. பேச்சு முறிந்ததும் டெல்லி என்ன செய்தது? தமிழர் தரப்பைச் சேர்ந்த பாலசிங்கம், சந்திரகாசன், சத்தியேந்திரா மூவரையும் நாட்டை விட்டு வெளியேறச் சொன்னது. தான் விரும்பாத பதிலைச் சொன்னவர்களை வெளியேற்றும் அதிகாரம் ஆயுதம் கொடுத்தவரிடம் இருந்தது.

திம்புவில் ஒரே பக்கம் உட்கார்ந்தவர்கள் ஓராண்டு முடிவதற்குள் ஒருவரையொருவர் கொன்றார்கள். 1986 ஏப்ரல் கடைசியில் புலிகள் டெலோவைத் தாக்கினார்கள். டெலோவில் சேர்ந்திருந்த பிள்ளைகள் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் இறந்து கிடந்தார்கள். மே 6 அன்று டெலோ தலைவர் சிறீ சபாரத்தினம் கொல்லப்பட்டார். அதே நாட்களில்தான் மதுரையில் டெசோ என்ற ஈழ ஆதரவு அமைப்பின் மாநாடு நடந்து முடிந்தது; வாஜ்பாயும் என்.டி.ராமராவும் வந்திருந்தார்கள். ஈழத்தமிழருக்கு இந்தியா முழுவதிலிருந்தும் கிடைத்த ஆதரவின் உச்சம் அந்த மேடை. மதுரையில் தலைவர்கள் ஒற்றுமையைப் பற்றிப் பேசியபோது இங்கே பயிற்சி பெற்றவர்கள் யாழ்ப்பாணத்தில் ஒருவரையொருவர் அழித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் ஈ.பி.ஆர்.எல்.எஃப்.புக்கும் அதே கதி. ஒரத்தநாடு முகாம்களில் உமா மகேஸ்வரனின் புளொட் இயக்கம் தன் உறுப்பினர்களையே சித்திரவதை செய்து கொன்றது. அதிலிருந்து தப்பியவர்களில் ஒருவரான கோவிந்தன் 1985-ல் எழுதிய ‘புதியதோர் உலகம்’ நாவல் இன்றும் கிடைக்கிறது. நம் காவிரிக் கரை ஊர்களுக்குப் பக்கத்தில் நடந்தது அது. நாம் கேட்கவில்லை, பார்க்கவில்லை.

சென்னையும் தப்பவில்லை. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தமிழீழ ராணுவம் என்ற சிறிய இயக்கம் கொழும்பு விமானத்துக்காக வைத்த பெட்டி, ஏற்றப்படாமல் இங்கேயே வெடித்தது. 1986 தீபாவளியன்று சூளைமேட்டில் ஈ.பி.ஆர்.எல்.எஃப்.பினரின் துப்பாக்கிக்கு ஓர் உள்ளூர்வாசி பலியானார். அடுத்த வாரம் தமிழ்நாடு போலீஸ் எல்லா இயக்கங்களின் ஆயுதங்களையும் பிடுங்கியது. பெங்களூர் சார்க் மாநாட்டுக்கு ஜெயவர்த்தனே வர இருந்த நேரம் அது. தகவல் தொடர்புக் கருவிகள் பறிபோனதும் பிரபாகரன் உண்ணாவிரதம் இருந்தார். கருவிகள் திரும்பக் கொடுக்கப்பட்டன. குழாயை மூடலாம், திறக்கலாம் என்று டெல்லி நினைத்தது. 1987 ஜனவரியில் பிரபாகரன் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டார். அதன் பிறகு குழாய் டெல்லியின் கையில் இல்லை.

அடுத்து வந்தது 1987 ஜூலை 29. இந்திய இலங்கை ஒப்பந்தம். ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேயும் கையெழுத்திட்டார்கள். போராடியவர்களும் கையெழுத்திடவில்லை, யாருக்காகப் போராட்டமோ அந்த மக்களின் பிரதிநிதிகளும் கையெழுத்திடவில்லை. ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்களைப் படித்துப் பாருங்கள். இந்திய நலனுக்கு எதிராகத் திருகோணமலையை யாருக்கும் கொடுப்பதில்லை, எண்ணெய்க் குதங்களை இரு நாடும் சேர்ந்து சீரமைப்பது, அந்நிய ராணுவ, உளவு ஆட்களைப் பற்றி மறுபரிசீலனை, வெளிநாட்டு ஒலிபரப்பு பற்றி மறுபரிசீலனை. டெல்லியின் கவலைகள் ஒவ்வொன்றுக்கும் அந்தக் கடிதங்களில் பதில் இருந்தது. தமிழருக்குக் கிடைத்தது வடக்கு கிழக்கின் தற்காலிக இணைப்பும் இலங்கை அரசியலமைப்பின் 13-வது திருத்தமும். இணைப்பை 2006 அக்டோபரில் இலங்கை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 13-வது திருத்தம் சொல்லும் போலீஸ், காணி அதிகாரங்கள் மாகாண சபைகளுக்கு இன்றுவரை வரவில்லை.

அக்டோபர் 10 அன்று, ஒப்பந்தப்படி இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படைக்கும் புலிகளுக்கும் போர் வெடித்தது. டெல்லி பயிற்சி கொடுத்தவர்களோடு டெல்லியின் படை மோதியது. அந்த ஆண்டு தீபாவளி நாளில் இந்தியப் படையினர் யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் புகுந்து சுட்டதில் நோயாளிகள், வைத்தியர்கள், தாதியர்கள் உட்பட அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் தரப்பில் ஏறத்தாழ 1,200 சிப்பாய்கள் உயிர் விட்டார்கள். அவர்களில் ஒருவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 1987 நவம்பர் 25 அன்று இறந்து பரம்வீர் சக்ரா பெற்றவர். சாலிகிராமத்து ஆற்காடு சாலையில் அவர் பெயரில் ராணுவக் குடியிருப்பு இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போது, ஒரு தமிழ் அதிகாரி தமிழ் இளைஞர்களோடு சண்டையிட்டு இறக்கும் நிலை எப்படி வந்தது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்த நிலையை உருவாக்கிய முடிவுகளை அவர் எடுக்கவில்லை. 

பிறகு நடந்ததைத்தான் நிழல் யுத்தத்தைப் பற்றிப் படிக்கும் ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டும். 1989-ல் ஜனாதிபதியான பிரேமதாசா இந்தியப் படையை வெளியேற்ற விரும்பினார். அதற்காகப் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார். இந்தியா தன் பங்குக்கு, ஈ.பி.ஆர்.எல்.எஃப். முதலிய இயக்கங்களைக் கொண்டு ‘தமிழ்த் தேசிய ராணுவம்’ என்று ஒன்றை உருவாக்கியது. அதற்காகப் பள்ளிக்கூடப் பையன்கள் வலுக்கட்டாயமாகப் பிடிக்கப்பட்டார்கள். ஆறு ஆண்டுகளுக்குள் எல்லாத் தரப்பும் இடம் மாறிவிட்டன. இந்தியாவின் ஆட்கள் இந்தியாவின் எதிரிகளானார்கள். கொழும்பின் எதிரிகள் கொழும்பின் துப்பாக்கியைப் பிடித்தார்கள். மாறாமல் இருந்தது செத்தவர்களின் இனம் ஒன்றுதான். 1990 மார்ச் 24 அன்று அமைதிப் படை வெளியேறியது. சென்னைத் துறைமுகத்தில் அவர்களை வரவேற்க, அப்போது முதலமைச்சராக இருந்த கருணாநிதி போகவில்லை. ஜூனில் புலிகள் பிரேமதாசா அரசோடு மீண்டும் போர் தொடுத்தார்கள். கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்களைக் கொன்றார்கள். அதே ஜூன் 19 அன்று கோடம்பாக்கம் சக்காரியா காலனியில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் அவர் தோழர்கள் பத்துக்கும் மேற்பட்டோரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ராஜீவ் காந்தி 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில். பிரேமதாசா 1993 மே 1-ல் கொழும்பில். இரண்டு நாடுகளிலும் ஆயுதம் கொடுத்த ஆட்சியின் தலைவர்களாக இருந்தவர்களை, ஆயுதம் வாங்கிய அதே அமைப்பு கொன்றது.

ஆனால் தலைவர்களின் மரணத்தை விடப் பெரிய இழப்பாக நான் கருதுவது வேறொன்று. 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்றது. அமிர்தலிங்கம் நாடாளுமன்ற எதிர்க்கட்சித் தலைவரானார். மக்கள் வாக்குப் போட்டுத் தந்த குரல் அது. 1983 ஆகஸ்டில் கொண்டுவந்த அரசியலமைப்பின் ஆறாவது திருத்தத்தால் கொழும்பு அவர்களை நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற்றியது. சென்னைக்கு வந்தவர்களை நாமும் ஓரமாக உட்கார வைத்தோம். துப்பாக்கி உள்ளவர்களோடு பேசுவதுதான் டெல்லிக்கு வசதியாக இருந்தது. வாக்கு வாங்கியவரிடம் மக்கள் கணக்குக் கேட்கலாம். வெளியிலிருந்து ஆயுதம் வாங்கியவர் அந்த மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தார் ‘பெடியள்’ என்று பாசத்தோடு அழைத்த பிள்ளைகள், அந்த ஊர்த் தாய்மார் கேட்டாலும் பதில் சொல்லத் தேவையில்லாதவர்கள் ஆனார்கள். 1989 ஜூலை 13 அன்று கொழும்பில் அமிர்தலிங்கத்தையும் அவர் கட்சித் தோழர் யோகேஸ்வரனையும் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். செப்டம்பர் 21 அன்று ‘முறிந்த பனை’ நூலை எழுதியவர்களில் ஒருவரான, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர் ரஜனி திராணகம பல்கலைக்கழகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். அரசு, புலிகள், இந்தியப் படை, மற்ற இயக்கங்கள் என்று எல்லோரையும் கேள்வி கேட்ட பெண் அவர். ஒரு சமூகத்துக்குள் மாற்றுக் கருத்து சொல்லும் ஒவ்வொரு வாயும் அடைக்கப்பட்டது. இந்தச் செயல்களுக்குச் செய்தவர்கள்தான் பொறுப்பு; அதை யார் மேலும் தள்ள முடியாது. அதைச் செய்யும் வலிமையைக் கொடுத்ததில் நமக்குப் பங்கு உண்டு.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். அது நியாயமான வாதம், அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. 1983 ஜூலைக்குப் பிறகு இந்தியா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டுமா? ஆயுத அழுத்தம் இல்லாமல் ஜெயவர்த்தனே மாகாண சபையைக் கூடத் தந்திருப்பாரா? தந்திருக்க மாட்டார் என்றே நானும் நினைக்கிறேன். எரிக்கப்படும் மக்கள் தற்காப்புக்காக ஆயுதம் எடுப்பதை, மயிலாப்பூரில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு தவறென்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் பார்த்தசாரதியின் முயற்சி 1984 டிசம்பரில் மாநாட்டோடு கலைந்தது ஏன் என்று பாருங்கள். சிங்களத் தரப்பின் பிடிவாதம் முதல் காரணம். இரண்டாவது காரணம், ஒரு கையால் சமரசம் பேசி மறு கையால் முகாம் நடத்தும் நாட்டின் தூதரை யாரும் முழுதாக நம்பவில்லை. கொழும்பு முகாம்களைக் காட்டிப் பேச்சைத் தள்ளிப்போட்டது. இயக்கங்கள், ஆயுதம் வருகிறது, பேச்சு எதற்கு என்று நினைத்தன. திறந்த அழுத்தத்துக்கு வழிகள் இருந்தன: கொழும்புக்கு உதவி வழங்கும் நாடுகளைத் திரட்டுவது, ஐ.நா.வில் பேசுவது, வாக்குப் பெற்ற பிரதிநிதிகளை முன்னால் நிறுத்துவது. அவற்றுக்குக் காலம் பிடித்திருக்கும். ரகசிய முகாம் விரைவான வழி என்று டெல்லி நினைத்தது. அந்த விரைவான வழி 26 ஆண்டுகள் நீண்டது.

இந்தக் கதை எங்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி நடந்திருக்கிறது. பெஷாவரில் பிரித்து வளர்க்கப்பட்ட ஏழு கட்சிகளில் பல, 1992 ஏப்ரலில் நஜிபுல்லா ஆட்சி விழுந்ததும் காபூல் நகரத்தையே தங்களுக்குள் சண்டையிட்டு இடித்தன. ஏமனில் 2015 மார்ச்சில் சவூதி கூட்டணி இறங்கியது. எதிரே ஈரான் ஆதரவு ஹூத்திகள். 2019 ஆகஸ்டில் ஏடன் நகரத்தில் சவூதி ஆதரித்தவர்களும் அமீரகம் ஆதரித்தவர்களும், அதாவது ஒரே அணியில் இருந்தவர்கள், ஒருவரையொருவர் சுட்டார்கள். யாழ்ப்பாணத்தில் 1986-ல் நடந்தது என்னவோ அதுதான் அங்கேயும் நடந்தது. சூடானில் 2023 ஏப்ரல் முதல் ராணுவமும் அதிரடி ஆதரவுப் படையும் போரிடுகின்றன. அந்தப் படைக்கு ஐக்கிய அரபு அமீரகம் ஆயுதம் தருகிறது என்ற குற்றச்சாட்டு நம்பத்தக்கது என்று ஐ.நா. நிபுணர் குழு 2024-ல் சொன்னது, அமீரகம் மறுக்கிறது. 1984-ல் டெல்லியும் இப்படித்தான் மறுத்தது.

வெளிநாடுகள் கைவிடும்போது ஒன்றாகவே கைவிடுகின்றன. 2009-ல் ஈழப் போரின் கடைசிக் கட்டத்தில் சீனாவும் பாகிஸ்தானும் கொழும்புக்கு ஆயுதம் கொடுத்தன. இந்தியா ரேடார் கொடுத்தது, கடலைக் காவல் காத்தது. கடைசி மாதங்களில் மட்டும் பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச் செயலாளரின் நிபுணர் குழு 2011-ல் சொன்னது. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து பத்து நாள் ஆவதற்குள், மே 27 அன்று ஜெனீவாவில் மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானத்துக்கு இந்தியா, பாகிஸ்தான், சீனா மூன்றும் சேர்ந்து வாக்களித்தன. எந்தப் பகைக்காக ஈழத்தமிழரின் மண்ணில் ஆயுதம் குவிக்கப்பட்டதோ, அந்தப் பகையாளிகள் கடைசியில் ஒரே பக்கம் கை உயர்த்தினார்கள்.

நண்பர்களே, இனி எங்காவது ஒடுக்கப்படும் ஒரு மக்களுக்கு நம் நாடு ரகசியமாக ஆயுதம் கொடுக்க வேண்டும் என்று யாராவது மேடையில் முழங்கினால், இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். ஆயுதம் வாங்குபவர் யாருக்குக் கணக்குச் சொல்லப் போகிறார், தன் மக்களுக்கா, நமக்கா? நம் நலன் நிறைவேறிய அடுத்த நாள் அந்த மக்களின் கதி என்ன? இதற்குப் பதில் இல்லாத ஆதரவு, ஆதரவு ஆகாது.

கடைசியாக, நாம் இன்றே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சொல்கிறேன். 1983 முதல் மூன்று லட்சம் பேர் அளவில் கடல் கடந்து இங்கே வந்தார்கள். அவர்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்றும் தமிழ்நாட்டின் முகாம்களில் இருக்கிறார்கள். சென்னைக்குப் பக்கத்தில் புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் இருக்கிறார்கள். முகாமிலேயே பிறந்து, நம் பள்ளிகளில் படித்து, பொறியியல் பட்டம் வாங்கி, குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாத தலைமுறை வந்துவிட்டது. 2021-ல் தமிழ்நாடு அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. நல்ல காரியம். ஆனால் சட்டம் அவர்களைப் பல ஆண்டுகளாகச் சட்டவிரோதக் குடியேறிகளாகவே பார்த்தது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு வழி திறந்தது. இலங்கைத் தமிழரைச் சேர்க்கவில்லை.

அந்தப் போரை வளர்த்ததில் பங்கு கொண்ட நாட்டுக்கு, அந்தப் போரிலிருந்து தப்பி வந்தவர்களை நாற்பது ஆண்டுகளாக அந்நியர் என்று அழைக்க உரிமை இல்லை. திரும்பிப் போக விரும்புபவர்கள் பாதுகாப்போடும் காணியோடும் போகட்டும். இங்கேயே வாழ விரும்புபவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க வேண்டும். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம், தென் சென்னையானாலும் மத்திய சென்னையானாலும், இதைக் கேளுங்கள். எழுதிக் கேளுங்கள், நேரில் கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள்.